சமையல்கட்டுப் புகையும் எங்க மீட்டரும்

அன்னதானச் சமையல்கட்டுல புகை தாங்கலைன்னு புகார் வந்துச்சு, புதுசா பெரிய மோட்டார் வாங்க நன்கொடை கேட்கலாம்னு பேச்சும் வந்துச்சு. மோட்டார் வேண்டாம். காரணத்தை நாங்களே சொல்லிடறோம், ஏன்னா தப்புல பாதி எங்களோடது.

புகையை இழுக்கற தகரக் குழாய் 400க்கு 400 மில்லிமீட்டர். பரப்பு 0.16 சதுர மீட்டர். அதைக் காத்தோட வேகத்தால பெருக்கினா எவ்வளவு காத்து போகுதுன்னு வரும். போன தடவை குத்தகைக்காரர் ஓட்டை போட்ட இடத்துல மீட்டரைப் பிடிச்சது நாங்கதான். விநாடிக்கு 10 மீட்டர் காட்டுச்சு. மணிக்கு 5,760 கன மீட்டர். வேண்டியது 5,200தான். சரின்னு கையெழுத்துப் போட்டோம்.

அப்புறம் சமையல் அக்கா ஒருத்தங்க, "தம்பி, மூச்சு முட்டுது"ன்னாங்க. "மீட்டர்ல எல்லாம் சரியா இருக்குக்கா, ஜன்னலைத் திறந்து வைங்க"ன்னு சொல்லிட்டோம். ரெண்டு வாரம் பொறுத்தாங்க, அப்புறம் வரலை.

ஓட்டை போட்ட இடம் வளைவை ஒட்டின இடம். வளைவுல காத்து வெளிப்பக்கச் சுவரை ஒட்டி வேகமா ஓடும், உள்பக்கம் ஏறக்குறைய சும்மா நிக்கும். நாங்க பிடிச்சது வேகமா ஓடின பக்கம். ஃபேக்டரியில இதே தப்பை வேற ஆள் செஞ்சா சத்தம் போடறவங்க நாங்க!

போன ஞாயித்துக்கிழமை மேனேஜர்கிட்ட கேட்டு பிட்டோ குழாயைக் கொண்டு வந்தோம். அடுப்பு எரியலை, விசிறி மட்டும் ஓடுது. வளைவிலிருந்து 3 மீட்டர் தள்ளி, நேரான இடத்துல அஞ்சு ஓட்டை. ஒவ்வொண்ணுலயும் 30, 115, 200, 285, 370 மில்லிமீட்டர் ஆழத்துல, டேப் ஒட்டி அடையாளம் வச்சு அளந்தோம். மொத்தம் 25 இடம். பிட்டோ காட்டறது அழுத்தம். 25க்கும் தனித்தனியா வர்க்கமூலம் எடுத்து வேகமா மாத்தின பிறகுதான் சராசரி போடணும். அழுத்தத்தையே சராசரி போட்டா கணக்கு கூடுதலாக் காட்டும். ஸ்கூல்ல வர்க்கமூலம் எதுக்குடான்னு கேட்ட ஆளுங்க நாங்க.

நடுவுல 7.2 காட்டுச்சு, சராசரி 6.4தான். மணிக்கு 3,686 கன மீட்டர். அக்கா சொன்னதுதான் உண்மை.

உடனே கூரைக்கு ஏறினோம். விசிறி உறையில அம்புக்குறி ஒரு பக்கம், சக்கரம் மறு பக்கம் சுத்துது! இந்த வகை விசிறி தலைகீழா சுத்தினாலும் காத்து அதே பக்கம்தான் போகும், ஆனா குறைவா போகும். அதனால யாருக்கும் சந்தேகம் வரலை. கூரையில வயரிங் மாத்தினப்ப மூணு ஃபேஸ்ல ரெண்டு இடம் மாறியிருக்கு. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வந்து மாத்திக் கொடுத்தார். திரும்ப 25 இடம் அளந்தோம். சராசரி 9.3. மணிக்கு 5,357.

சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். தேத்தண்ணி கொடுத்துட்டு, "ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திக் கூண்டுக்குக் கீழே பிடிச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமேப்பா"ன்னாங்க. நாங்க வாயைத் திறக்கலை.

வெள்ளிக்கிழமை சமையலுக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. வியாழன் ராத்திரி எண்ணெய் வடிகட்டிகளைக் கழுவறோம், கை கொடுக்க வர்றவங்க ரப்பர் கையுறை கொண்டு வாங்க. குழாய்ல அஞ்சு ஓட்டையையும் மூடி வச்சிருக்கோம், பிள்ளைங்க பிடுங்காம பார்த்துக்குங்க.