உடைக்காமல் விட்டவை

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்துப் பழைய வீடுகளில் சமையலறைச் சுவரில் ஓர் ஆணி அடித்தால் தூள் செக்கச்செவேலென்று கொட்டும். சிமென்ட் இல்லை; சுண்ணாம்பும் செங்கற்பொடியும் சேர்ந்த சுர்க்கிக் கலவை. கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் ட்ரஸ்ட் 1920களில் ஏரியை வெட்டி, அந்த மண்ணால் சுற்றியிருந்த தாழ்நிலத்தை மேடாக்கி மனை போட்ட பிறகு எழுந்த தெருக்கள் இவை. கணக்கெழுதவும் டைப் அடிக்கவும் ரயிலேறி வந்த நம்மவர்கள் வாடகைக்கு இடம் பிடித்ததும் இங்கேதான். முன்கூடத்துக்கு அத்தனை அழகு பார்த்து வீட்டைக் கட்டியவர்கள், சமையலறையைக் கொல்லைப்பக்கம் தள்ளி, கரியடுப்புப் புகை வெளியேற ஒரு துவாரம் விட்டதோடு கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டுச் சமையலறையும் அந்த ரகம். எட்டடிக்கு ஏழடி, ஒரே ஒரு பிளக் பாயின்ட். மாவரைக்க வேண்டுமென்றால் ஃபிரிட்ஜுக்கு ஓய்வு. மாடுலர் கிச்சன்காரர் ஒருவர் வந்து அளந்துகொண்டு போய், கம்ப்யூட்டரில் படம் போட்டு அனுப்பினார். மூன்றரை லட்சம். படத்தில் எங்கள் ஜன்னலைக் காணோம். அது இருந்த இடத்தில் கூரை தொடும் அலமாரி ஒன்று நின்றது. எங்களால் ஆகக்கூடியது ஒன்றரை லட்சம்.

மலிவான சாமான் எங்கே கிடைக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், எதை உடைக்க வேண்டாம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். இந்த ஊரில் இடிபாட்டுக்கு ‘ராபிஷ்’ என்று பெயர். உடைக்க ஒரு கூலி, மூட்டை கட்டிக் குறுகிய மாடிப்படியில் தலைச்சுமையாக இறக்க ஒரு கூலி, அள்ளிப் போகும் வண்டிக்கு ஒரு கூலி. அதற்கப்புறம்தான் புதிது போடுகிற செலவே ஆரம்பிக்கும். தரை தப்பியது இந்தக் கணக்கில்தான். சிவப்பு ஆக்சைடு கலந்து தேய்த்து மெருகேற்றி, ஓரத்தில் கறுப்புப் பட்டை இழுத்த தரை. அங்கங்கே மயிரிழை விரிசல். ‘விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டுவிடுங்கள்’ என்று சொல்லாத ஆள் இல்லை. இன்றைக்கு இப்படியொரு தரை போடத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு, இருப்பதைப் பெயர்ப்பானேன்?

சுவர் விஷயம் அத்தனை சுலபமாக இல்லை. வங்காளிகள் ‘நோனா’ என்று அலுத்துக்கொள்ளும் உப்புப் பூத்தல், அடியிலிருந்து மூன்றடிக்கு ஏறியிருந்தது. வழக்கமான வைத்தியம், மேலே சிமென்ட் பூசி டைல்ஸை ஒட்டி மறைத்துவிடுவது. சுர்க்கிச் சுவர் ஈரத்தை இழுக்கும், காற்றில் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. தண்ணீர் உள்ளேயே தங்கி, அதிலுள்ள உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பிதுங்கும். நாளடைவில் டைல்ஸ் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். மேல்வீட்டு மாஷிமாவின் சமையலறையில் இதை நேரிலேயே பார்க்கலாம். தட்டினால் டொக் டொக்கென்று காலியாகச் சத்தம் கேட்கும்.

வந்த கொத்தனார் முர்ஷிதாபாத்காரர். அந்த மாவட்டத்துக் கொத்தனார்கள் கேரளம், சென்னை என்று போகாத இடமில்லை. இவரும் பழைய மகாபலிபுரம் சாலை ஃபிளாட்டுகளில் சாரம் ஏறியவர். அதுவரை என்னை ‘பௌதி’ என்று கூப்பிட்டவர், நான் அம்மாவோடு போனில் பேசியது காதில் விழுந்ததும் ‘அக்கா’வுக்கு மாறிவிட்டார். “அக்கா, இது பழைய செவுரு. சிமென்ட் பூசுனா தண்ணி உள்ளயே நிக்கும். சுண்ணாம்பு போடு. பர்ஸ்ட்டு பைப்பு பாக்கணும்” என்றார். சுவரைக் கொத்தியதில், புதைந்து கிடந்த பழைய ஜிஐ பைப் ஒன்று துருவேறிக் கசிந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் வேலையைத் தொடங்கினோமே என்று கவலைப்பட்ட எனக்கு, மழையில்தான் ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியும் என்று சமாதானம் சொன்னார். பூச்சு வேலையை மட்டும், காற்று காய்ந்த பிறகு செய்யலாம் என்று கார்த்திகைக்குத் தள்ளிவைத்தார்.

பைப்பை சிபிவிசிக்கு மாற்றியதிலும், எர்த் ஒயரோடு புது லைன் இழுத்து நாலு பிளக் பாயின்ட் வைத்ததிலும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. வருகிறவர்களிடம் காட்டிப் பெருமைப்பட முடியாத செலவு. டைல்ஸ் அடுப்புக்குப் பின்னால் இரண்டடி உயரத்துக்கு மட்டும். மற்ற இடமெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் வெள்ளை.

மேடையின் உயரத்துக்கு வந்தபோதுதான் வீட்டில் சுவாரசியமே பிறந்தது. கொத்தனார் கணக்கு 34 அங்குலம். எங்கள் வீட்டில் மேடையின் முன்னால் அதிக நேரம் நிற்பவர், தினம் காலையில் கேனிங் லோக்கலில் வந்திறங்கும் சமையல்கார அம்மாள். அவர் ஐந்தடிக்கும் குறைவு. செங்கல்லை அடுக்கி, மேலே பலகையைப் போட்டு, லுச்சிக்கு மாவு பிசையச் சொன்னோம். தோள் தூக்கினால் ஒரு பலகையை எடுப்பது, முதுகு வளைந்தால் ஒன்றைச் செருகுவது. முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே, 32இல் அவர் கை சரளமாக ஓடியது. அவரைவிட உயரமான நான் கொஞ்சம் குனிந்துகொள்கிறேன், ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

சமைப்பவரைப் பார்த்துச் சமையலறை வரைவது புதிதல்ல. கட்டடக்கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வரைந்தார். ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். சுமார் 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் பாட்டி அது. சமைப்பவர் எத்தனை எட்டு நடக்கிறார் என்றுகூடப் பார்த்துப் பார்த்துச் செய்த அந்த அம்மையார், ஜன்னலடியில் காய் நறுக்க ஒரு சுழல் முக்காலியும் வைத்தார். பேரப்பிள்ளைகள் அலமாரியை எடுத்துக்கொண்டு முக்காலியைத் தொலைத்துவிட்டார்கள். வங்காளத்தில் இன்னும் உட்கார்ந்து நறுக்குகிறவர்கள் ஏராளம். வாழைப்பூவையும் தண்டையும் கத்தியால் ஆய்ந்து மாளாது. அவர்களுடைய அரிவாள்மனையான பொன்ட்டியைக் காலால் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார வேண்டும். அதனால் ஜன்னலடியில் நாலடியை அலமாரி எதுவும் இல்லாமல் அப்படியே விட்டோம்.

மேடைக்குக் கீழே தட்டுகள் கடப்பைக் கல்லில். கரையானுக்கு அதில் வேலையில்லை. கதவுகளுக்கு மட்டும் ப்ளைவுட். பெரிய ப்ளைவுட் கம்பெனிகள் சிலவற்றுக்குத் தலைமையகமே இந்த ஊர்தான் என்றாலும், கடையில் விழிப்பாக இருக்க வேண்டும். சிங்க் பக்கத்துக்கு ‘ஐஎஸ் 710’ முத்திரை உள்ள பலகைதான் தாங்கும். எம்ஆர் கிரேடு என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். படுக்கையறைக்கு அது போதும், ஆடி ஆவணியில் சமையலறைக்குப் போதாது. பார்ட்டிகிள் போர்டு பக்கம் திரும்பவே வேண்டாம், தண்ணீர் பட்டால் உப்பிவிடும்.

நடுவில் விஸ்வகர்மா பூஜை வந்தது. செப்டம்பர் 17 அன்று தச்சர் உளியையும் ரம்பத்தையும் கழுவிப் பொட்டு வைத்துவிட்டுப் பட்டம் விடப் போய்விட்டார். அதே பாத்ரபத சங்கராந்தியில்தான் இங்கே அரந்தனும். முதல்நாள் ராத்திரியே சமைத்து வைத்துவிட்டு, மறுநாள் அடுப்பைத் துடைத்துக் கும்பிட்டு, அன்று முழுக்கப் பழையதையே சாப்பிடுவார்கள். பால்கனியில் இண்டக்‌ஷன் அடுப்போடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த எங்களுக்கு, மாஷிமா தண்ணீர் ஊற்றிய சோறும் சேப்பங்கீரையும் இலிஷ் மீனும் கொண்டுவந்து கொடுத்தார். சுற்றும் முற்றும் பார்த்தவர், சிம்னி எங்கே என்று கேட்கவில்லை. “ஷீல்-நோரா எங்கே வைப்பாய்?” என்றார். நம் அம்மி குழவிதான். கிரைண்டருக்கு விட்டிருந்த இடத்தைக் காட்டினேன். அவருக்கு அதில் பெரிய திருப்தியில்லை.

சிம்னிக்கு உண்மையில் பணம் மிஞ்சவில்லை. கடுகெண்ணெய் காய்ந்து புகையும்போது, அந்தப் பழைய கரியடுப்புத் துவாரத்தில் பொருத்திய எக்ஸாஸ்ட் ஃபேன்தான் இழுத்துத் தள்ளுகிறது. காளி பூஜை கழிந்து எங்கள் சுவரைப் பூசி முடித்ததும், மாஷிமா கொத்தனாரைக் கையோடு மேலே கூட்டிப்போய்த் தன் டைல்ஸைத் தட்டிக் காட்டினார். அவர் சொன்ன கூலியில் பாதியிலிருந்து பேரம் ஆரம்பித்தது. மாடிப்படிக்கு மட்டும் தனியாக ஐந்நூறு வேண்டும் என்பதில் கொத்தனார் கடைசிவரை இறங்கவில்லை.