ஃப்ரீஸருக்குள் ஒரு இமயமலை

உங்கள் வீட்டில் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் இருந்தால், எழுந்துபோய் ஃப்ரீஸரைத் திறந்து பாருங்கள். ஐஸ் ட்ரே கையோடு வருகிறதா? வந்தால், உங்கள் வீட்டில் யாரோ பொறுப்பாக இருக்கிறார்கள். வராவிட்டால் இது உங்களுக்குத்தான்.

2004 கோடை. எங்கள் ஃப்ரீஸரில் இமயமலையே வளர்ந்திருந்தது. சென்னைக் காற்றில் ஈரம் ஜாஸ்தி. கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஈரம் உள்ளே போய்ப் பனியாக ஒட்டிக்கொள்கிறது. பனி அதிகமானால் குளிர்ச்சியும் அதிகம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நேர் எதிர். பனி ஒரு கம்பளி மாதிரி. குளிரைக் கீழே விடாமல் போர்த்திக்கொள்கிறது. பாவம், கம்ப்ரெஸர்தான் ராப்பகலாக ஓடுகிறது, மீட்டரும் கூடவே.

கால் அங்குலம் பனி சேர்ந்தாலே தெர்மோஸ்டாட் திருகின் நடுவில் இருக்கிற பொத்தானை அமுக்கிவிட வேண்டும். பனி உருகினதும் அதுவே மறுபடி ஓட ஆரம்பிக்கும். அவசரமென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து வைத்து, எதிரே ஒரு டேபிள் ஃபேன். அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கிரிக்கெட் ஆரம்பிக்க அரை மணி. தேங்காய்க் கீறும் கத்தியை எடுத்து நெம்பினேன். இரண்டாவது குத்தில் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம், பாம்பு சீறினாற்போல. அந்த அலுமினியச் சுவருக்குள்ளேயேதான் கேஸ் ஓடும் பாதை இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். (இப்போது பல ஃப்ரிட்ஜ்களில் ஐஸோபியூட்டேன். சமையல் கேஸுக்குப் பங்காளி, தீப்பிடிக்கும். கத்தியோடு மெழுகுவத்தியையும் தள்ளி வையுங்கள்.)

கதவுத் தட்டில் அம்மாவின் இன்சுலின், பிரிக்காத குப்பி மூன்று. இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. உறையவும் கூடாது, சுடவும் கூடாது. வெளியே கத்திரி வெயில். மருந்துக் கடைக்காரர் சொல்லி, குப்பிகளைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டோம். அன்று ராத்திரி நான் மூன்று தடவை எழுந்து பானையைத் தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள் மெக்கானிக் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தவர், "கத்தி போட்டிருக்கீங்க சார். ஒட்டினா நிக்காது, உள்ளே ஈரம் போயிருக்கும். ஃப்ரீஸர் பெட்டியையே மாத்தணும். யாரு குத்தினது?" என்றார்.

மனைவி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் 'தானா ரிப்பேர் ஆயிடுச்சு' என்று சொல்லியிருந்தேன். வாயைத் திறக்க எனக்கு ஒரு நொடிதான் தேவைப்பட்டது. அந்த ஒரு நொடி எனக்கு வரவில்லை.

"நான்தாம்ப்பா, வயசாயிடுச்சு, தெரியாம குத்திட்டேன்" என்றாள் அம்மா, கூடத்து நாற்காலியிலிருந்து.

மெக்கானிக் அம்மாவுக்கு உரக்க, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் டீஃப்ராஸ்ட் பாடம் நடத்தினார். உருகினதும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றிவிட்டுத்தான் ஸ்விட்ச் போடணும். கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி இழுத்துப் பார்க்கணும், லூஸா வந்தா ரப்பரை மாத்தணும். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நான் பக்கத்தில் நின்று பேப்பர் படிப்பதுபோல் கேட்டுக்கொண்டேன்.

அவர் போனபிறகு அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏண்டா, கத்தி முனை வளைஞ்சு போச்சா?"