எம் இல்லத்து மீன் கட்லெட்

அன்றாட உணவினும் ஆராய்ந்து பார்ப்பார்க்கு அறிவும் அறமும் ஒருங்கே கிடைக்கும். எம்மூராகிய திசையன்விளை, தேரிச் செம்மணலும் பனையும் சூழ்ந்த உள்நாட்டூர். ஆயினும் உவரிக் கடல் சில கல் தொலைவிலேயே உள்ளது. ஆதலின் எம் அடுக்களையில் நெய்தலின் மணம் நீங்குவதில்லை. ஆங்கு என் அன்னையார் செய்யும் மீன் கட்லெட்டைக் குறித்தே ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

கட்லெட் என்னுஞ் சொல், சிறு விலாவெலும்பு எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லினின்று ஆங்கிலத்திற்கு வந்தது. எம் இல்லத்திலோ, முள் ஒன்றேனும் இல்லாதிருத்தலே அதன் இலக்கணம். இதற்குச் சூரை மீன் ஏற்றது. சீலாவினும் விலை குறைவு, தசையோ மிகுதி. செவுள் சிவந்தும் கண் தெளிந்தும் உள்ள மீனையே கொள்ளல் வேண்டும். சூரை வெப்பத்திற் கிடப்பின் அதன் தசையில் ஒரு நச்சுப்பொருள் தோன்றும். பின்னர் எத்துணை வேகவைப்பினும் அது நீங்காது.

அரைக் கிலோ மீனைப் புளிநீரிற் கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி, ஆவியில் வேகவைத்து, ஆறியபின் தோலும் முள்ளும் களைந்து உதிர்த்துக்கொள்வார். வெந்த மீன் தானே ஒட்டாது. ஆதலின் அதிற் பாதியளவு அவித்த உருளைக்கிழங்கு சேர்ப்பார். பொடியாக அரிந்த உள்ளி, பச்சைமிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கி, மிளகுத்தூளும் பெருஞ்சீரகத்தூளும் கூட்டிப் பிசைந்து வட்டமாகத் தட்டுவார். ஈரம் மிகின் எண்ணெயில் உடைந்துபோம். முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளிற் புரட்டி, நன்கு காய்ந்த எண்ணெயில் இடின், உள்ளிருக்கும் நீர் ஆவியாய் வெளிப்பட்டு எண்ணெயை உட்புகவொட்டாது தடுக்கும். எண்ணெய் காயாவிடின் கட்லெட் அதனைக் குடித்துக் கனத்துவிடும். இவற்றுள் உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்க நாடுகளினின்று கடல் கடந்து வந்தவை. மீனோ நம் கடலது.

புளிநீரிற் கழுவும் முறையை என் அன்னையார்க்குக் கற்பித்தவர், உவரியினின்று அலுமினியச் சட்டியில் மீன் சுமந்துவரும் ஓர் அம்மையார். அவருடைய கைப்பழக்கத்திற்கு அறிவியலும் சான்று பகர்கின்றது. கடல்மீனின் உடலில் உவர்நீரைத் தாங்குதற்கென ஒரு பொருள் உண்டு, அதற்கு மணமில்லை. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் அதனை மாற்றுதலாற் புலவு நாற்றம் பிறக்கின்றது. புளியின் அமிலம் அந்நாற்றப் பொருளைப் பிணித்துக் காற்றிற் பரவாது செய்யும். எனவே புலவு, மீன் சுமப்பாரின் குற்றமன்று. கரைக்கும் அடுக்களைக்கும் இடையே கழிந்த காலத்தின் அளவேயாம்.

இதனை எண்ணாதார் பலர். 2021-ஆம் ஆண்டு திசம்பரில், குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர், நாற்றம் வீசுகின்றதென்று அரசுப் பேருந்தினின்று இறக்கிவிடப்பட்டார். அதன்பொருட்டுப் பணியாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். எம் தெருவிலும் ஒருநாள், மீன் விற்பவரை அடுக்களைவரை விடலாகுமோ என்று அயலார் ஒருவர் வினவினார். "அவங்க கொண்டாந்த மீன் உள்ள வரலாம், அவங்க வரக்கூடாதாக்கும்?" என்று மட்டும் கூறிய என் அன்னையார், அவ்வம்மையார்க்கு மணையிட்டு, முதலில் எடுத்த கட்லெட்டை அவர் கையில் ஈந்தார். அவரோ தின்று பார்த்து, "உப்பு இன்னும் ஒரு கல்லு போடணும், தங்கச்சி" என்றார். அயலார் அதன்பின் எம் வாயிலை மிதித்திலர், அன்னையார் தளர்ந்திலர். உப்பு மட்டும் அன்றுமுதல் ஒரு கல் கூடியது.

நற்றிணையின் நெய்தற் பாட்டொன்றில், தோழி ஒருத்தி செல்வர் மகனை நோக்கி, சுறாத் தசையை உணக்கிப் புள்ளோப்பும் எம்மிடத்துப் புலவு வீசும், அகன்று நில் என்கின்றாள். அதனை அவள் நாணிக் கூறினாளல்லள். தம் குடியிலும் அவனையொத்த தலைமக்கள் உளர் என்று மிடுக்குடன் முடிக்கின்றாள். வகுப்பில் அப்பாட்டைப் பயின்றபொழுது, எம் அடுக்களையில் மணைமீதமர்ந்து உப்பின் குறையை உரைத்த அம்மையாரே என் கண்முன் நின்றார்.

நண்பர்காள்! பழம்பாட்டில் வரும் புலவை வியந்து போற்றும் நாம், பேருந்தில் அதனைக் கண்டு மூக்கைப் பொத்துதல் தகுமோ? மீனை விரும்பி உண்போர், அதனைக் கொணர்வார்க்குத் தம்மருகே இடம்விட்டு அமர்வாராக. கற்ற கல்விக்கு அதுவே அழகு.