சுடர் தரும் நிறம்

ஐதராபாத்தின் அடையாளமாக விளங்கும் சார்மினார் 1591ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. அதன் அருகிலேயே வளையல் கடைகள் நிறைந்த லாட் பஜார் அமைந்துள்ளது. அங்குள்ள கைவினைஞர்கள் அரக்கைக் கரி நெருப்பில் இளக்கி வளையலாக்குகின்றனர்; பின்னர் அதில் சிறுசிறு கண்ணாடிக் கற்களைப் பதிக்கின்றனர். அரக்கு இறுகிவிட்டால் கல் பதியாது. மிகுதியாக இளகினால் வடிவம் குலையும். நெருப்பின் அளவை அறிந்த கையே அவர்களது செல்வம்.

கண்ணாடியையே உருக்கி மணி செய்யும் கலையில் நெருப்பின் பங்கு இன்னும் பெரிது. களிமண் பூசிய மெல்லிய எஃகுக் கம்பி ஒரு கையில் சுழலும். மறு கையிலுள்ள கண்ணாடிக் கோல் சுடரில் உருகி, தேன்போல் அக்கம்பியைச் சுற்றிக்கொள்ளும். மணி ஆறியபின் கம்பியை உருவினால் கோப்பதற்கான துளை கிடைக்கும்.

சில கண்ணாடிக் கோல்களில் வெள்ளி கலந்திருக்கும். அவற்றின் அழகு முதலில் வெளியே தெரியாது. மணி உருவானதும் கைவினைஞர் சுடருக்குச் செல்லும் ஆக்சிஜனைக் குறைப்பார். ஆக்சிஜன் போதாத சுடர், கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள வெள்ளிச் சேர்மத்திலிருந்து அதனைப் பறித்துக்கொள்ளும். வேதியியலில் இதற்கு ஒடுக்கம் என்று பெயர். அப்போது வெள்ளி மிக மெல்லிய படலமாக வெளிப்பட, மயிற்கழுத்தைப்போல் நீலமும் பச்சையும் பொன்னும் மின்னும்.

இந்த மாற்றம் சில நொடிகளில் நிகழ்வது. இன்னும் சற்று மின்னட்டும் என்று ஆசைப்பட்டு மணியைச் சுடரிலேயே வைத்திருந்தால், ஒளி மங்கிச் சாம்பல் நிறம் படியும். புதிதாகப் பயில்பவர் பலரும் இவ்விடத்தில் தவறுவர். ஆயினும் மணி சூடாக இருக்கும்வரை திருத்த வழியுண்டு. ஆக்சிஜனை மிகுத்து மீண்டும் காட்டினால் படிந்த மங்கல் பெரும்பாலும் நீங்கும். பிறகு முயற்சியைப் புதிதாகத் தொடங்கலாம். பணி முடிந்த பின்னும் பொறுமை வேண்டும். சூளையில் மெல்ல மெல்ல ஆறவிடாத மணி விரிசல் கண்டு உடைந்துபோகும்.

சுடரின் இந்த இயல்பைப் பயன்படுத்துவது நம் நாட்டிற்குப் புதிதன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். பழங்காலத்தில் மணிகள் செய்யப்பட்ட அவ்வூரில் செந்நிறக் கண்ணாடி மணிகளும் கிடைத்துள்ளன. அச்செந்நிறத்தைத் தந்தது செம்பு. ஆக்சிஜன் மிகுந்த உலையில் செம்பு நீலமும் பச்சையும் தரும். ஆக்சிஜன் குறைந்த உலையில்தான் அது சிவக்கும். ஆக்சிஜன் என்னும் பெயரே தோன்றாத காலத்தில், அக்கைவினைஞர்கள் இந்நுட்பத்தைக் கண்ணாலும் கையாலும் கற்றிருந்தனர்.

அவர்களின் பெயர்கள் இன்று எவருக்கும் தெரியா. அவர்கள் உலையில் கண்ட சிவப்போ, ஈராயிரம் ஆண்டுகள் மண்ணில் கிடந்தும் மங்கவில்லை.