சனிக்கிழமை சனியைப் பார்த்தேன்

எனக்குக் கடக ராசி. 2006-ல் ஜென்மச் சனி. 'அதனால என்ன ஸார்?' என்று கேட்கிறவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று அர்த்தம். எனக்கு ஆகவில்லை. ஆம்பூரில் பெண் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, அவளும் சரியென்று தலையாட்டின பிறகு அவள் அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"மாப்பிள்ளைக்குச் சனி சரியில்லை. விலகட்டும், பேசலாம்."

விலக மூன்று வருஷத்துக்கு மேல் ஆகுமாம். அம்மா சனிக்கிழமை தவறாமல் எள் தீபம் ஏற்ற ஆரம்பித்தாள். அக்கா பையன் ஏழாங்கிளாஸ். பள்ளிக்கூட எக்ஸிபிஷனுக்குத் தெர்மோகோல் உருண்டைகளில் சூரியக் குடும்பம் செய்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "மாமா, காவலூருக்குப் போனா சனியை நேர்லயே பாக்கலாம்."

வழக்கு என்று வந்துவிட்டால் எதிர்க்கட்சிக்காரரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லதுதானே? பிப்ரவரி முதல் சனிக்கிழமை கிளம்பிவிட்டோம்.

வாணியம்பாடியில் பஸ் பிடித்து, ஆலங்காயம் தாண்டினால் ஜவ்வாது மலை. பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் ஓர் ஆட்டுக்குட்டி. டிக்கெட் வாங்கவில்லை. ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. மின்சார வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அதற்காகத்தான் வைணு பாப்பு என்கிற விஞ்ஞானி இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாராம். 1968-ல் ஒரு சின்ன டெலஸ்கோப்போடு ஆரம்பித்த இடம். 1986-ல் வந்த பெரியதன் கண்ணாடி மட்டுமே 2.34 மீட்டர் அகலம். நம் வீட்டு ஹாலில் குறுக்கே வைத்தால் டி.வி.க்கு இடம் இருக்காது.

அதில் நம்மைப் பார்க்க விடமாட்டார்கள். நமக்கு ஆறு அங்குல டெலஸ்கோப். வரிசையில் நின்றோம். தலைக்கு மேல் அரை நிலா. பையன் பார்த்துவிட்டு, "அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கு மாமா" என்றான்.

காத்திருந்த நேரத்தில் அங்கிருந்தவர் ஒருத்தர் கணக்குச் சொன்னார். சூரியனை ஓர் அடி அகலப் பூசணிக்காய் என்று வைத்துக்கொண்டால், பூமி 32 மீட்டர் தள்ளி ஒரு கடுகு. சனி? "300 மீட்டர் தள்ளி ஒரு நெல்லிக்காய் ஸார்!"

நெல்லிக்காயா? அதுவா ஆம்பூர்க் கல்யாணத்தைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது?

விட்டேனா? ஏழரை வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சிரித்தார். சனி சூரியனை ஒரு சுற்று வர 29½ வருஷம். பன்னிரண்டு ராசிக்கு வகுத்தால் ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை. நம் ராசி, முன்னது, பின்னது என்று மூன்று ராசியைக் கடக்க ஏழரை. டெலஸ்கோப் இல்லாமல், வெறும் கண்ணால், பொறுமையாகப் பார்த்துப் பார்த்தே இதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். சனைச்சரன் என்றாலே மெதுவாகப் போகிறவன் என்று அர்த்தமாம். மெதுவு என்றால் செகண்டுக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல்! பூமி முப்பது போகிறது. அதனால் அவன் மந்தன். (எங்கள் ஆபீஸ் ஃபைலைப் பார்த்திருந்தால் அந்தப் பெயரை வேறு யாருக்காவது வைத்திருப்பார்கள்.)

வெறும் கண்ணுக்கு எளிதாகத் தெரிகிற வரிசை சனியோடு முடிந்துவிடுகிறது. அடுத்த யுரேனஸ், 1977 மார்ச் 10-ம் தேதி ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்தது. யுரேனஸ் மறைப்பதற்கு முன்பே நட்சத்திர வெளிச்சம் சட்டென்று மங்கி மங்கி வந்தது. யுரேனஸுக்கும் வளையம் உண்டென்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். அந்த மங்கலைப் பதிவு செய்தவற்றில் இந்தக் காவலூர் டெலஸ்கோப் ஒன்றும் உண்டு. பையன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

எட்டு மணி சுமாருக்கு எங்கள் முறை. கிழக்கே, பூச நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், மினுக்காமல் ஒரு மஞ்சள் புள்ளி. குனிந்து கண்ணை வைத்தேன்.

ஸார், வளையம்! கறுப்புத் துணியில் யாரோ தங்கத்தில் தைத்த மாதிரி, துல்லியமாக, சின்னதாக, தொங்கிக்கொண்டிருந்தது. படத்தில் நூறு தடவை பார்த்ததுதான். ஆனாலும் தொண்டையை என்னவோ பண்ணியது. அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. 120 கோடி கிலோமீட்டர். வளையம் குறுக்கே இரண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர். கனம் பல இடங்களில் ஒரு பனைமர உயரம்தானாம். பெரும்பாலும் ஐஸ் கட்டிகள். இவ்வளவு நாளும் கறுப்பு வேஷ்டி, காக்கை வாகனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தவரை இவ்வளவு அழகாக நான் எதிர்பார்க்கவில்லை.

"போதும் ஸார், பின்னாடி ஆள் நிக்குது" என்று யாரோ தோளைத் தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "கும்பிட்டியா?" என்றாள். "குனிஞ்சேன்" என்றேன். (பையனின் உருண்டைகள் எக்ஸிபிஷனில் பரிசு வாங்கின. ஆகஸ்ட் 24-ம் தேதி, புளூட்டோ கிரகமில்லை என்று அறிவித்துவிட்டார்கள். இரண்டு நாள் அவன் யாரோடும் பேசவில்லை.)

திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து ஆம்பூருக்கு போன் போட்டேன். என்ன பேசுவதென்று தெரியாது. அவளே எடுத்தாள். அப்பா வெளியே போயிருக்கிறாராம். சனியைப் பார்த்துவிட்டு வந்த கதையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். மறுமுனையில் சத்தமே இல்லை.

"ஹலோ... இருக்கீங்களா?"

"வளையம் நிஜமாவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "அடுத்த சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்தா, அவருக்கும் காட்டுவாங்களா?"