அம்மம்மாவின் காப்பும் அம்மப்பாவின் றலியும்

2022ஆம் ஆண்டு யூலை மாதம். பெற்றோல் இல்லாமல் கொழும்பு முடங்கியிருந்தது. காலி வீதியில் வாகனங்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றன. நான் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டியில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு ரயிலிலும், ரயில் கிடைக்காத நாட்களில் நடந்தும் போய்வந்தேன். மூலையில் கிடந்த துருப்பிடித்த சைக்கிள்களுக்கெல்லாம் திடீரென்று மதிப்பு வந்த காலம் அது.

அந்த நாட்களில்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. அம்மப்பாவோடு கொள்ளுப்பிட்டிக் கந்தோர் ஒன்றில் வேலை செய்த சிங்கள நண்பரின் மகள் பேசினார். தங்கள் பழைய வீட்டை இடிக்கப் போவதாகவும், பின்னறையில் அம்மப்பாவின் சைக்கிள் இன்னும் இருப்பதாகவும், வந்து எடுத்துக்கொள்ளும்படியும் சொன்னார்.

1983 யூலை 25, திங்கட்கிழமை, அம்மப்பா அந்தச் சைக்கிளில்தான் வேலைக்குப் போனார். நகரத்தில் புகை எழும்பத் தொடங்கியதும் நண்பர் அவரையும் சைக்கிளையும் தன் வீட்டுக்குள் கொண்டுபோய் மறைத்தார். அதே நேரம் வெள்ளவத்தையில் எங்கள் வீடு எரிந்துகொண்டிருந்தது. அம்மம்மாவும் அம்மாவும் பக்கத்து மதிலால் ஏறித் தப்பி, உடுத்த உடுப்போடு அகதி முகாமுக்குப் போனார்கள். அங்கேதான் அம்மப்பாவைக் கண்டார்கள். பிறகு மூவரும் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். கலியாணப் படம், பிறப்புப் பத்திரம், கடிதம் என்று எதுவும் மிஞ்சவில்லை. 1994இல் யாழ்ப்பாணத்தில் இறக்கும்வரை அம்மப்பா கொழும்புக்குத் திரும்பவேயில்லை.

இந்தச் சைக்கிளைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு வழக்கு உண்டு. கலியாணம் முடித்த வருடம், 1955இல், அம்மம்மா தன் சீதனக் காப்பு ஒரு சோடியை விற்று அம்மப்பாவுக்குப் புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார் என்பது அம்மாவின் கதை. ரொறன்ரோவில் இருக்கும் மாமா அதை ஏற்பதில்லை. "காப்புக் கதை அம்மா கட்டினது. அது கந்தோர் வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகேக்க வித்திட்டுப் போன பழசு" என்பார். இப்போதும் தொலைபேசியில் அதையே சொல்லி, நல்ல விலை வரும், வித்துப்போடுங்கோ என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சைக்கிளை முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கொட்டாஞ்சேனையில் ஒரு பாஸிடம் கொண்டுபோனேன். சைக்கிள் திருத்துவதில் ஐம்பது வருட அனுபவம் உள்ளவர். முன்பக்க வில்லையில் இருந்த நாரைத் தலையைப் பார்த்ததுமே "றலி" என்றார். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரத்தில் 1887இல் தொடங்கிய கம்பனி. அந்தக் காலத்துச் சைக்கிள்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம் என்று விளக்கினார். ஹம்பரின் செயின் வீலில் ஐந்து சிறிய மனித உருவங்கள் இருக்கும், றட்ஜில் விரித்த கை இருக்கும். எங்களுடையது சாதாரண கனத்த றலி அல்ல. வளைந்த ஹாண்டிலும் மெல்லிய சில்லுகளும் கொண்ட, ஓட்டப் பிரியர்களுக்கான இலேசான வகை. சட்டத்தில் 'ரெனோல்ட்ஸ் 531' என்ற ஒட்டுச்சீட்டின் பாதி மிஞ்சியிருந்தது. 1935இல் அறிமுகமான, மங்கனீசும் மொலிப்டினமும் கலந்த உருக்குக் குழாய் அது. குழாயின் சுவர் மெல்லியது, ஆனால் பலமானது. அம்மப்பா ஒற்றைக் கையால் தூக்கி விறாந்தையில் வைப்பார் என்று அம்மா சொன்னது எனக்கு அப்போது விளங்கியது.

"எந்த வருசத்துச் சைக்கிள் பாஸ்?" என்று கேட்டேன்.

அவர் பின்சில்லின் நடுவில் இருந்த ஹப்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். மூன்று கியர் கொண்ட ஸ்ரேர்மி ஆர்ச்சர் ஹப். கறுப்புப் பிசின் கரையக் கரைய எழுத்துகள் தெரிந்தன. ஏடபிள்யூ, அதன் பக்கத்தில் 54, பிறகு 11. அதாவது 1954 நவம்பர். அந்தக் கம்பனி, ஹப் தயாரித்த வருடத்தையும் மாதத்தையும் அதிலேயே பொறித்துவிடும்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பாஸ் என்னைத் தடுத்தார். "அவசரப்படாதீங்க மகள். சில்லு மாத்தியிருக்கலாம். ஒரு சாட்சி போதாது." முன்சில்லின் ஹப்பையும் துடைத்தார். அது லைற்றுக்கு மின்சாரம் தரும் டைனமோ ஹப். அதில் 54, 10 என்று இருந்தது. இரண்டு சில்லும் ஒரு மாத இடைவெளி. ஒருவரும் மாற்றவில்லை. ஹப் செய்து, சைக்கிளில் பூட்டி, கப்பலில் கொழும்பு வந்துசேரச் சில மாதங்கள் எடுத்திருக்கும். 1955இல் அது கடைக்கு வந்த புதுச் சைக்கிளாக இருந்திருக்கும்.

திருத்த நான்கு மாதங்கள் பிடித்தன. பெடல் அச்சின் கிண்ணங்களை மாற்றலாமா என்று பார்த்தால் கடையில் வாங்கியவை பூட்டுப்படவில்லை. மற்றவர்கள் அங்குலத்துக்கு 24 மரை வெட்ட, றலி தனக்கென்று 26 மரை வைத்திருந்தது. ஆகவே பழைய கிண்ணங்களையே கழுவி, குண்டுகளை மட்டும் மாற்றினார். ரயர் இன்னொரு தலையிடி. 26 அங்குலம் என்று கடையில் தந்த ரயர் ரிம்மில் ஏறவில்லை. இரண்டுக்கும் இடையில் குறுக்களவில் 7 மில்லிமீற்றர் வித்தியாசம். கடைசியில் லண்டனிலிருந்து வந்த மச்சாள் சரியான ரயர் இரண்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். துருவை எடுக்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். தேசிக்காய்ப் பாதியாலும், நனைத்துக் கசக்கிய அலுமினியத் தாளாலும் ஹாண்டிலைத் தேய்த்து மினுக்கினார்.

பெயின்ற் அடிக்க ஆள் தயாராக இருந்தார். அம்மா விடவில்லை. நடுத்தண்டில் ஒரு இடத்தில் பச்சை நிறம் தேய்ந்து இரும்பு தெரிந்தது. சின்ன வயதில் தான் துவாய் விரித்து உட்கார்ந்து வந்த இடம் என்றார். "அதுக்கு மேல அடிச்சா, பிறகு அது கடைச் சைக்கிள்தானே." துரு பரவாமல் மெல்லிசாக எண்ணெய் பூசியதோடு விட்டோம்.

டைனமோ ஹப்பைப் பாஸ் பிரிக்கவேயில்லை. காந்தத்தைச் சுருளிலிருந்து வெளியே எடுத்தால் அதன் சக்தி குறைந்துவிடுமாம். வெளியே துடைத்து, வயர் மாற்றி, ஆறு வோல்ற் பல்ப் ஒன்று போட்டார். ஒருநாள் பின்னேரம் அம்மா முன்சில்லைத் தூக்கிக் கையால் சுற்றினார். லைற் எரிந்தது. "தொண்ணூறுகளில கறண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைச் சுத்தித்தானே றேடியோவில தமிழோசை கேட்டனாங்கள்" என்றபடி சுற்றிக்கொண்டேயிருந்தார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு ஹப்புகளின் படத்தையும் மாமாவுக்கு அனுப்பினேன். ஒரு விடயத்தை நான் மறைக்கவில்லை. இரும்பு தான் பிறந்த திகதியைச் சொல்லும். தன்னை யார், எந்தக் காசில் வாங்கினார் என்று சொல்லாது. இரண்டு நாட்களாகப் பதில் இல்லை. பிறகு அவரே அழைத்தார். "யோசிச்சுப் பார்த்தனான். அம்மா தங்கக் காப்புப் போட்டு நான் ஒருநாளும் கண்டதில்லை. கண்ணாடிக் காப்புத்தான்" என்றார். விற்கச் சொல்லிப் பிறகு கேட்கவில்லை.

சகோதரிகளே, என் வேலையில் நான் நிரப்பும் படிவங்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும்: திகதி என்ன? ஆதாரம் உண்டா? பத்திரங்கள் எரிந்தும் தண்ணீரில் போயும் வந்தவர்களிடம் கேட்டுவிட்டு, 'இல்லை' என்று எழுதி அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். இப்போது அப்படிப் போவதில்லை. "வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமான் ஏதும் இருக்கா?" என்று கேட்கிறேன். அண்மையில் ஒரு சகோதரி சீலைப் பையிலிருந்து ஒரு பித்தளைச் செம்பை எடுத்தார். அதன் கழுத்தில் கணவரின் பெயரும் கலியாண வருடமும் வெட்டியிருந்தன. 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வரும்போது தண்ணீர் குடிக்கவென்று கையில் எடுத்த செம்பு. சட்டம் அதை எவ்வளவு தூரம் ஏற்குமோ, அது வேறு விடயம். ஆனால் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

உங்கள் வீட்டிலும் பாருங்கள். தையல் மெசினின் இலக்கம், சைக்கிள் சட்டத்தின் இலக்கம், பாத்திரத்தில் வெட்டிய பெயர் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அது யார் வாங்கியது, எதை விற்று வாங்கியது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அதை எந்தக் கம்பனியும் பொறித்துத் தருவதில்லை.