அம்மா விற்ற ரேடியோ

1968. தேவாரத்துக்கும் கோம்பைக்கும் நடுவே, மலையடிவாரத்தில் இருக்கும் பண்ணைப்புரத்தில் ஒரு வீட்டு ரேடியோ 400 ரூபாய்க்கு விலைபோனது. விற்றவர் சின்னத்தாய். சினிமாவில் வாசிக்க மெட்ராஸ் கிளம்பிய பிள்ளைகளிடம் அந்தப் பணத்தை அப்படியே கொடுத்தார். ஒரு ரூபாய்கூடத் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. இதை இளையராஜாவே பலமுறை சொல்லியிருக்கிறார்.

400 ரூபாய் மெட்ராஸில் எத்தனை நாளைக்குத் தாங்கும்? தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றுக்கொண்டார் ராஜா. கிடார் வாசித்தார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். அடுத்தவர் பாட்டுக்கு வாசித்தே எட்டு வருடங்கள் ஓடின.

பிறகுதான் நண்பர் ஆர்.செல்வராஜ் அவரைப் பஞ்சு அருணாசலத்திடம் அழைத்துப்போனார். ஹார்மோனியம்கூட இல்லை. மேஜையில் தாளம் தட்டிப் பாடிக் காட்டினார். வாய்ப்பு கிடைத்தது. ஏ.எம்.ராஜா ஏற்கெனவே இருந்ததால், பெயருக்கு முன்னால் ‘இளைய’ என்று சேர்த்ததும் பஞ்சு அருணாசலம்தான். முதல் பாட்டுப் பதிவில் கரன்ட் போன கதை எல்லோருக்கும் தெரிந்ததே!

1976 மே மாதம் ‘அன்னக்கிளி’ வெளியானது. இதே காலத்தில் லண்டனில் ‘பங்க்’ இளைஞர்கள், மூன்று கார்டு தெரிந்தால் போதும் என்று கிடாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். இங்கிலாந்தின் முதல் பங்க் ஆல்பம் என்று சொல்லப்படும் ‘தி டேம்ன்ட்’ குழுவின் அறிமுக ஆல்பம், ‘அன்னக்கிளி’க்கு ஒன்பது மாதம் கழித்து, 1977 பிப்ரவரியில்தான் வந்தது. படித்தவர்களின் இசையை உதறிவிட்டு வந்தவர்கள் அவர்கள். இவரோ அந்த இசையை முறையாகப் படித்துவிட்டு, வயக்காட்டு மெட்டோடு வந்தார். இரண்டில் எது பெரிய கலகம் என்று கேட்டால், தேனிக்காரர்களின் பதில் என்னவாக இருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

நாட்டுப்புற மெட்டு தமிழ் சினிமாவுக்குப் புதிதல்ல. ஆனால், அதுவரை பெரும்பாலும் அது படத்தில் ஓர் ஓரமாக வந்துபோகும். ‘அன்னக்கிளி’யில் அதுதான் நடுவீட்டில் உட்கார்ந்தது. எஸ்.ஜானகி ஹம்மிங்கை ஆரம்பித்தால் போதும், நாற்று நட்டுக்கொண்டே பாடும் நம்ம ஊர் அக்காவின் குரல் போலிருக்கும். அந்தக் குரலுக்குப் பின்னால் கிடாரும் வயலினும் தங்கள் போக்கில் தனிக்கதை பேசும். இயர்போன் மாட்டி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

டீக்கடை, கல்யாணப் பந்தல், இலங்கை வானொலி என்று எங்கும் அந்தப் பாடல்கள்தான். ரேடியோவை விற்ற அம்மா, மகனின் பாட்டை ரேடியோவில் கேட்கும் காலம் வந்தது.

அண்ணன் பாவலர் வரதராசனுக்கு அது வாய்க்கவில்லை. கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர் அவர். தம்பிகளை முதலில் மேடையேற்றியதும் அவர்தான். பதின்வயது ராஜா அங்கே பெண் குரலிலும் பாடியிருக்கிறார். ‘அன்னக்கிளி’ வருவதற்கு முன்பே அண்ணன் போய்விட்டார்.